படுக்கையின் அருகில் இருந்தவர்கள்



காஞ்சி மாநகரின் தென்புறத்தே, பாலாற்றை அடுத்து, செவிலிமேடு என்னும் ஊர் உள்ளது. முன்னர்த் தனிப் பேரூராட்சியாக இருந்து, 2011-ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் நகராட்சியோடு இணைக்கப்பட்டு, இப்போது மாநகராட்சியின் ஒரு பகுதியாக விளங்குவது. அதுவே என் ஊர். அவ்வூர்ப் பெயரின் தோற்றத்தை ஆராய்வது இன்றைய பேச்சின் நோக்கமன்று. ஆயினும் அப்பெயரில் உள்ள 'செவிலி' என்ற சொல் அண்மைக் காலமாக என் நெஞ்சில் நிலைத்துவிட்டது. சங்க அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய். அருகிலிருந்து வளர்த்தவள் செவிலித்தாய். மகளின் மேனியில் ஏற்படும் மாற்றத்தைக் கண்டு, 'இவளுக்கு என்ன நேர்ந்தது?' என்று வினவும் உரிமை அச்செவிலிக்கு உண்டு. இன்று மருத்துவமனைகளில் நோயாளரைப் பேணுவோரையும் செவிலியர் என்றே அழைக்கின்றோம். அருகில் இருத்தல், உற்று நோக்குதல், வாய் திறந்து வினவுதல் என்னும் மூன்று கடமைகளும் அந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ளன.

நான் 34 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். பல்லவர் போர்களையும் சோழர் கடற்படையையும் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு நோயின் வரலாற்றை மட்டும் நான் கற்பித்ததில்லை. கடந்த ஓராண்டாக அவ்வரலாற்றுக்கு நானே மாணவனாக இருந்து வருகிறேன். என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய் கண்டு, சிகிச்சை நடைபெற்று வருகிறது. மருத்துவமனைத் தாழ்வாரத்து மர இருக்கையில் அமர்ந்து நான் கற்ற பாடத்தையே இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

'புற்று' என்ற சொல்லை ஒரு நோயின் பெயராக நான் முதன்முதல் கேட்டது 1969-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், திங்கட்கிழமை. அப்போது எனக்கு வயது ஒன்பது. அன்று காலை எங்கள் தெருவில் தறியோசை கேட்கவில்லை. என் தந்தையார் தறிக்குழியில் கால்களை இறக்கியபடியே, நாடாவைத் தொடாமல் அமர்ந்திருந்தார். 'அண்ணா போய்விட்டார்' என்றார்கள். 'அவருக்கு என்ன?' என்று நான் கேட்டேன். என் பாட்டியார் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, 'புற்று' என்று மெல்லக் கூறினார். உரக்கச் சொன்னால் அந்நோய் நம் வீட்டுக்கும் வந்துவிடும் என்று அவர் அஞ்சினார் போலும்.

அறிஞர் அண்ணா 1909-இல் இதே காஞ்சியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1967 மார்ச்சில் முதலமைச்சரானார். அடுத்த ஆண்டே உணவுக்குழாயில் புற்றுநோய் கண்டு, 1968 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். தாயகம் திரும்பிய பின்னும் ஓயாது பணியாற்றினார். 1969 ஜனவரி 14-ஆம் நாள், சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' என்னும் பெயரை முறையாகப் பெற்றபோது அவர் உயிரோடு இருந்தார். மூன்று வாரங்களுக்குள், சென்னை அடையாற்றில் உள்ள புற்றுநோய் மருத்துவமனையில் அவர் ஆவி பிரிந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அவர் நினைவாக அரசின் புற்றுநோய் மருத்துவமனை நடந்து வருவதை நீங்கள் அறிவீர்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்லும் பெருவழியில் போவோர் அப்பெயர்ப்பலகையைக் காணாமல் போக முடியாது. என் பாட்டியார் வாயைப் பொத்திக்கொண்டு சொன்ன சொல், இன்று சாலையோரத்தில் பெரிய எழுத்துகளில் நிற்கிறது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதே நாம் காணவேண்டிய வரலாறு.

இந்நோய் புதியதன்று. ஏறத்தாழ கி.மு. 1600-இல் எழுதப்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடியொன்று நமக்குக் கிடைத்துள்ளது. அதை விலைக்கு வாங்கிய எட்வின் ஸ்மித் என்பவரின் பெயராலேயே அது வழங்குகிறது. அதில் 48 நோயாளரின் நிலைகள் விளக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றுக்குச் செய்யவேண்டிய மருத்துவமும் கூறப்பட்டுள்ளது. மார்பில் எழும் கட்டியைப் பற்றிப் பேசும் இடத்திலோ, இதற்கு மருத்துவமில்லை என்ற பொருளில் அச்சுவடி முடித்துவிடுகிறது. கிரேக்க மருத்துவர்கள், கட்டியிலிருந்து நாற்புறமும் பரவும் நரம்புகளைக் கண்டு, அதற்கு நண்டின் பெயரை இட்டனர். நம் முன்னோர் கறையான் எழுப்பும் புற்றை நினைத்தனர். புற்றின் மேலே தெரிவது சிறிது; மண்ணுள் கிளைத்துச் செல்வது மிகுதி. ஒருவர்க்கொருவர் தொடர்பற்ற இரண்டு மக்கள், கண்ணுக்குத் தெரியாமல் பரவும் தன்மையையே அந்நோயின் அடையாளமாகக் கொண்டனர் என்பது வியப்பிற்குரியது.

மருந்து இல்லாத காலத்தில் நோயாளரும் உற்றாரும் எவ்வாறு வாழ்ந்தனர்? ஓர் ஆங்கிலப் பெண்மணியின் கடிதம் அதற்குச் சான்றாக உள்ளது. பேனி பர்னி என்பவர் புகழ்பெற்ற நாவலாசிரியை. 1811 செப்டம்பர் 30-ஆம் நாள் பாரிஸ் நகரில் அவருடைய மார்பகம் அறுத்து அகற்றப்பட்டது. மயக்க மருந்தைச் செலுத்தி அறுவை செய்யும் முறையை மருத்துவ உலகம் கண்டது 1846-இல். ஆதலின் அவர் முழு நினைவோடு அத்துன்பத்தைத் தாங்கினார். அதை விடக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. தம் கணவர் அதைக் கண்டு வருந்தலாகாது என்று எண்ணி, அறுவை நடக்கும் நேரத்தில் அவர் வீட்டில் இல்லாதபடி ஏற்பாடு செய்துவிட்டார். பின்னர்ப் பல மாதங்கள் அதைப் பற்றி எழுத அவர் மனம் துணியவில்லை. இறுதியில் தம் தமக்கைக்கு எல்லாவற்றையும் எழுதினார். அதன் பின்னும் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1840-இல் மறைந்தார். கத்தியைத் தாங்கிய அவ்வம்மையாருக்கும், அதை உற்றாரிடம் சொல்லுவது எவ்வளவு அரிதாயிருந்தது பாருங்கள்!

இனி நம் நாட்டிற்கு வருவோம். இங்கும் ஓர் உடன்பிறப்பின் கதையே வரலாற்றைத் தொடங்கி வைக்கிறது.

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பெண்கள் கல்லூரி வாயிலை மிதிப்பதே புதுமையாயிருந்த காலம் அது. 1923-ஆம் ஆண்டில் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். எண்ணிப் பாருங்கள்: அவர் படித்த மருத்துவர், ஊரறிந்தவர், ஆயினும் உடன்பிறந்தவளின் படுக்கையருகே அமர்ந்திருப்பதைத் தவிர, அந்நாளில் அவரால் செய்யக்கூடியது மிகச் சிறிதே. வீட்டில் இத்தகைய சாவு நேர்ந்தால் நாம் விதியை நொந்துகொள்வோம். சில நாள் அழுவோம். பின்னர் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிடுவோம். அவர் அவ்வாறு விடவில்லை.

1927 முதல் சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் இருந்து, பெண்களின் நலனுக்காக அவர் ஆற்றிய பணிகளை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். அவற்றினிடையே தங்கையின் நினைவு அணையாமல் இருந்தது. 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் பேசினார். தீராத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்போர் அன்று பலர். 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. 1952-இல் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் நாள் மருத்துவமனை நோயாளரை ஏற்கத் தொடங்கியது. அன்று அங்கிருந்தவை 12 படுக்கைகள். தங்கை இறந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் 31 ஆண்டுகள்! அரசர் கட்டிய கோயில்களுக்கு இத்தனை ஆண்டு ஆயின என்று நாம் மனப்பாடம் செய்கிறோம். ஒரு தமக்கையின் துயரம் கட்டடமாக எழ எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதையும் நாம் மனத்தில் கொள்ளவேண்டும்.

அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, புற்றுநோய் மருத்துவம் பயின்று அப்பணியில் அமர்ந்தார். 1955-இல் இளம் மருத்துவராகிய டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். அரசுப் பணி கையிலிருந்தும் அதை விடுத்து வந்தவர் அவர். 2021 ஜனவரியில் 93-ஆம் வயதில் மறையும் வரை அந்த நிலையத்தையே தம் இல்லமாகக் கொண்டார். 1950-களிலேயே கோபால்ட்-60 என்னும் கதிர்க்கருவி கானடா நாட்டிலிருந்து அங்கு வந்தது. ரான்ட்ஜன் 1895-இல் எக்ஸ் கதிரையும், கியூரி தம்பதியர் 1898-இல் ரேடியத்தையும் கண்டறிந்ததன் பயன், இவ்வாறு நம் ஊர் ஏழை மக்களையும் எட்டியது. முத்துலட்சுமி அம்மையார் 1968 ஜூலையில் காலமானார். அதன் பின் ஏழு மாதங்களுக்குள், எங்கள் காஞ்சி தந்த அண்ணா தம் இறுதி நாள்களைக் கழித்தது அவ்வம்மையார் எழுப்பிய அந்த மருத்துவமனையிலேதான்.

அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற மற்றொருவரையும் இங்கே நினைக்கவேண்டும். எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்தவர். ஸ்புரூ என்னும் குடல் நோய் அவர் சகோதரர் இருவரை அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று; அவரையும் பற்றி, ஒருவாறு விட்டது. பின்னர் அமெரிக்கா சென்று ஆராய்ச்சியில் ஆழ்ந்தார். லெடர்லே என்னும் மருந்து ஆய்வகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு, அந்நோய்க்கு உதவும் போலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. உயிரணு பெருகுவதற்கு அவ்வமிலம் இன்றியமையாதது. அவ்வாறாயின், அதைப் போன்றே தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் ஒரு பொருளைக் கொடுத்தால், கட்டின்றிப் பெருகும் புற்று அணு திகைத்து நிற்குமன்றோ? அக்குழு உருவாக்கிய அமினாப்டெரின் என்னும் மருந்தைக் கொண்டே, பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி பார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளிடம் அந்நோய் சிறிது காலமேனும் தணிவதை 1948-இல் உலகிற்கு அறிவித்தார். அதே ஆண்டில் சுப்பாராவ் மறைந்தார். அவ்வினத்தைச் சேர்ந்த மெதோட்ரெக்சேட் என்னும் மருந்து இன்றும் வழக்கில் உள்ளது. சகோதரர்களின் படுக்கையருகே நின்ற ஒருவரின் முயற்சி, முகமறியாத குழந்தைகளின் படுக்கைக்கு மருந்தாய் வந்து சேர்ந்தது.

இம்மருந்துகள் பெருகும் அணுக்களைத் தாக்குவன. புற்று அணு எது, நல்ல அணு எது என்று அவற்றுட் பல முற்றிலும் பிரித்தறிவதில்லை. ஆதலின் விரைந்து வளரும் மயிர்க்கால்களும், இரத்த அணுக்களை ஆக்கும் எலும்பு மச்சையும், குடலின் உட்சவ்வும் அடிபடுகின்றன. முடி உதிர்வதும், வாய் புண்ணாவதும், வெள்ளணுக்கள் குறைவதும் இதனாலேயே. நல்ல அணுக்கள் மீண்டும் தலையெடுக்கக் காலம் கொடுக்கவேண்டும். என் மனைவிக்கு 21 நாளுக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவதன் காரணம் இதுதான். அந்த இடைவெளியில் காய்ச்சல் வந்தால், அதைச் சிறிது என்று கருதி வீட்டிலிருத்தல் கூடாது. உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

இவ்வளவும் இன்று கூறுகிறேன். கூறவேண்டிய காலத்தில் நான் வாய் திறக்கவில்லை என்பதை உங்களிடம் ஒளிப்பது முறையன்று. வரலாறு கற்பித்தவன் தன் பிழையை மட்டும் விட்டுவிட்டுப் பேசலாகாது.

ஓர் ஆவணி மாதத்தில், மார்பில் கட்டியொன்று தட்டுப்படுவதாக என் மனைவி என்னிடம் சொன்னாள். தை மாதம் எங்கள் மகளுக்குத் திருமணம். 'வலி இருக்கிறதா?' என்றேன். 'இல்லை' என்றாள். 'அப்படியானால் திருமணம் முடியட்டும்' என்றேன். தொடக்கத்தில் வலியின்மையே அந்நோய்க் கட்டிகளின் இயல்பு என்பதை நான் அறியேன், அறிந்தவரைக் கேட்கவுமில்லை. ஐந்து மாதங்கள் கழிந்தன. பட்டுச் சேலைகளுக்கும் பந்தலுக்கும் கணக்கெழுதிய என் கை, அந்த ஒரு வரியை எழுதத் தவறிற்று.

தையில் திருமணம் முடிந்து, மாசியில் மருத்துவரைக் கண்டோம். என்னையும் என் மகனையும் தனியே அழைத்து நோயின் பெயரைச் சொன்னார். நான் மனைவியிடம் வந்து, 'சாதாரணக் கட்டிதான். எடுத்துவிட்டால் சரியாகிவிடும்' என்றேன். 19 நாள்கள் அவ்வாறே நடித்தேன். மகனையும் நடிக்கச் செய்தேன். இருபதாம் நாள் இரவு, விளக்கை அணைத்த பின் அவள் பேசினாள்.

'என்னங்க, நாம் போய்வரும் கட்டடத்தின் வாயிலில் ஒரு பலகை இருக்கிறதே, அதை எனக்கும் படிக்கத் தெரியும். தலைமையாசிரியர் மனைவிக்கு எழுத்துத் தெரியாது என்றா நினைத்தீர்கள்?'

நான் விடையிறுக்கவில்லை. சிறிது பொறுத்து அவளே சொன்னாள்: 'நீங்கள் மறைத்ததனால், உங்களிடம் அழக்கூட எனக்கு வழியில்லாமற் போயிற்று.'

மாணவர்களே, அன்புடையோர் நோயாளியிடம் உண்மையை மறைப்பது நம் வீடுகளில் வழக்கம். அது அவரைக் காப்பதற்கென்றே நாம் நம்புகிறோம். உண்மையில் நான் காத்தது என்னைத்தான். அவளுடைய கண்ணீரைக் காணும் துணிவு எனக்கில்லை, அவ்வளவே. பேனி பர்னி அம்மையார் கணவரை வெளியே அனுப்பினார். நானோ வீட்டிலிருந்தபடியே வெளியே போயிருந்தேன்.

அன்றிரவு இருவரும் வெகுநேரம் பேசினோம். மறுநாள் முதல் எங்கள் வீட்டில் அந்நோயின் பெயர் இயல்பாக வழங்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டாரும் அறிந்தனர். என் மனைவியின் முடி உதிர்ந்தபோது, அண்டைவீட்டு அம்மையார் தாமே வந்து, மெல்லிய பருத்தித் துணியொன்றைத் தலையில் கட்டிவிட்டார். அப்பெண்மணி சென்ற மாதம் தாமும் மருத்துவரிடம் போய்ப் பரிசோதித்துக்கொண்டார். ஒருவர் வாய் திறந்தால் மற்றொருவருக்கு வழி திறக்கிறது.

எங்கள் ஊர்த் தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். காஞ்சிப் பட்டில் கோர்வைச் சேலை என்று ஒருவகை உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டின் ஊடையையும் வரிசைதோறும் கோத்து நெய்யவேண்டும். நெய்பவர் ஒருவர் போதார். தறியின் பக்கவாட்டில் மற்றொருவர் அமர்ந்து, கரைக்குரிய நாடாவை எறிந்துகொண்டே இருக்கவேண்டும். அவர் தவறினால் கோர்வை தவறும். அக்காலத்தில் அவ்விடத்தில் வீட்டுச் சிறுவரையே அமர்த்தினர். என் மனைவி தன் தந்தையின் தறியில் அவ்வாறு அமர்ந்தவள்; நானும் என் தந்தையின் தறியில் அமர்ந்தவன். சேலையை வாங்குவோர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்பதில்லை. அவர் இல்லாமல் அச்சேலையும் இல்லை.

இப்போது மீண்டும் அவ்விடத்தில் அமர்ந்திருக்கிறேன். பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதிய பழக்கத்தால், ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவளுடைய இரத்த அணுக்களின் எண்ணிக்கையையும், காய்ச்சலையும், உண்ட உணவையும், அடுத்துப் போகவேண்டிய நாளையும் குறித்து வருகிறேன். அறுவை முடிந்தது. ஆறு முறை ஏற்றவேண்டிய மருந்தில் நான்கு முறை முடிந்தது. அதன் பின் கதிர்ச் சிகிச்சை இருக்கிறது. முடிவு என்னவாகும் என்று மருத்துவர் உறுதி கூறவில்லை. நாங்களும் கேட்பதை நிறுத்திவிட்டோம். குறித்த நாளில் குறித்த பேருந்தில் ஏறுவது எங்கள் கையில் இருக்கிறது. அதில் இதுவரை ஒருநாளும் தவறவில்லை.

உங்கள் வீட்டில் தாயோ, பாட்டியோ, அத்தையோ தம் உடலில் ஏதோ ஒரு மாற்றத்தைக் கூச்சத்தோடு சொல்லக்கூடும். பெரியவர்கள், 'விழா முடியட்டும், அறுவடை முடியட்டும், உன் தேர்வு முடியட்டும்' என்பார்கள். அப்போது நீங்கள் சும்மா இராதீர்கள். 'நாளைக்கே போவோம்' என்று சொல்லுங்கள். சிறுவர் சொல் அம்பலம் ஏறாது என்று யாரேனும் கூறினால், படுக்கையருகே இருந்தவர்கள் பேசியதனாலேயே இந்நாட்டில் ஒரு மருத்துவமனை எழுந்தது என்பதை அவர்களுக்கு எடுத்துரையுங்கள்.

வருகிற வியாழக்கிழமை ஐந்தாம் முறை மருந்து ஏற்றவேண்டும். காலை ஆறு மணிப் பேருந்து. நோட்டுப் புத்தகத்தில் அந்நாளை என் மனைவியே தன் கையால் எழுதி வைத்திருக்கிறாள்.